மூச்சுக்கு இரண்டு இஞ்சு

“யக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் செவுத்துப் பக்கம் திருப்பி வைக்கீங்களா?”

சுடலை என் கடைக்கு வந்து பேசிய முதல் பேச்சு இதுதான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டான். எங்கள் மலையூரான சித்திரபுரத்தில் மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வைக்கிற மழை மாதம். மிஷின் எண்ணெய் வாசமும் ஈரத்துணி வாசமுமாகக் கடை புழுங்கிக் கிடந்தது.

ஆளுயரக் கண்ணாடி அது. தையல் மிஷினுக்கு அடுத்தபடியாக நான் தினமும் துடைத்து வைக்கிற சாமான்.

“ஏன், ரசம் போயிருச்சா?” என்றேன்.

“இல்லக்கா. நல்லாத் தெரியுது. அதான்.”

முணுமுணுத்துக்கொண்டே திருப்பி வைத்தேன். அதன் பிறகுதான் உள்ளே வந்தான். மழைக்கோட்டைக் கழற்றினால் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்குள் டீ ஷர்ட், அதற்குள்ளும் ஏதோ ஒன்று. தோள் இரண்டையும் முன்னால் வளைத்து நெஞ்சை ஒளித்து வைத்திருந்தான். ஆம்பளைச் சட்டை ஒன்று தைக்க வேண்டும் என்றான்.

சென்ற வாரம் கல்யாண ரவிக்கைகளைப் பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரிந்திருக்கும். அது சும்மா இருக்காது. “சட்டை போட்டா ஆம்பளை ஆயிரலாமா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “பாவாடையும் சுடிதாரும் இருபத்துநாலு வருசம் போட்டேன்க்கா. பொம்பளை ஆயிட்டனா?” என்றான்.

முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன். என் பேச்சை இவ்வளவு நேராக யாரும் வெட்டியதில்லை. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “சரி, வா” என்றேன்.

சும்மா கிடந்த பெயர்

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு என் மனசுக்குள் ‘அவள்’ என்றுதான் ஓடியது. அதை மறைத்தால் இந்தத் தொடரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இங்கே முதல் வரியிலிருந்தே ‘அவன்’ என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் அவன் அவன்தான். தெரியாமல் இருந்தது நான்.

பள்ளிக்கூடத்தில் எழுதிய பழைய பெயரைக் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். அது அவன் வேண்டாம் என்று கழற்றிப் போட்ட சட்டை. அதை எடுத்து உதறிப் பார்ப்பது நமக்கு அழகில்லை.

சுடலை சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறவள். அப்பா இல்லை. எங்களைப் போலவே அவர்களும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள். குலதெய்வத்தின் பெயரை வீட்டின் மூத்த ஆணுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். பேச்சியம்மாளுக்குப் பிறந்தது இரண்டு. இரண்டையும் பெண் என்று எழுதிவிட்டார்கள். பெயர் சும்மா கிடந்தது.

“மூத்தவனுக்குன்னு வச்சிருந்த பேரு. மூத்தவன் நான்தான. எடுத்துக்கிட்டேன்” என்றான்.

இந்தக் காலத்துப் பையன்கள் வாயில் நுழையாத பெயராகப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள், உனக்குப் போய் சுடலையா என்று கிண்டல் செய்தேன். ஸ்டைலுக்கா பேரு வச்சேன் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலும் தோள் நிமிரவில்லை.

டேப்புக்கு முன்னால் பொய்

டேப்புக்கு முன்னால் உண்மை பேசிய உடம்பை நான் பார்த்ததில்லை.

கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் ஒரு சேச்சி இருந்தார். டேப் இடுப்பைச் சுற்றும்போது வயிற்றை எக்கி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிடுவார். ரவிக்கை தைத்து முடித்ததும் வயிறு ஊருக்குத் திரும்பி வந்துவிடும். குற்றம் என் பேரில். பள்ளி விழாவுக்குக் கோட்டு தைக்க வந்த ஒரு வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திய நிமிர்த்தலில் கோட்டு அவருக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்துத் தைத்ததுபோல் ஆகிவிட்டது. கல்யாணப் பெண்கள் இன்னும் இரண்டு மாதத்தில் இளைத்துவிடுவேன் என்று சத்தியம் செய்வார்கள். பிற்பாடு பிரித்துப் பெரிசாக்க நான் உள்ளே துணி விட்டே தைப்பேன். அனுபவம்.

சுடலையின் பொய் வேறு மாதிரி. டேப் முதுகைச் சுற்றி முன்னால் வருவதற்குள் பல்பைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொள்வான். மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடித்துக்கொள்வான். அளவைச் சொல்லி டேப்பை உருவுகிற வரைக்கும் மூச்சு கிடையாது. மற்றவர்கள் அழகாகத் தெரிவதற்காகப் பொய் சொன்னார்கள். இவன் அந்த இடத்தில் தான் இல்லை என்று பொய் சொன்னான்.

சட்டைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆம்பளைச் சட்டைக்கு அளவுக்கு மேல் நாலு இஞ்சு லூஸ் விடுகிறது வழக்கம். ரெடிமேட் சட்டை அவனுக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. இடுப்புக்குச் சரியாக இருந்தால் தோள் முழங்கை வரைக்கும் தொங்கும். தோளுக்குச் சரியாக இருந்தால் நெஞ்சு காட்டிக்கொடுக்கும். நான் முதுகில் ஒரு மடிப்பு வைத்தேன், கீழே நேராக விட்டேன், முன்னால் இரண்டு பக்கமும் மூடி போட்ட பாக்கெட் வைத்தேன். பாக்கெட் மூடி இருந்தால் பார்க்கிறவன் கண் பாக்கெட்டில் நின்றுவிடும், அதற்குப் பின்னால் போகாது.

போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “எப்படிக்கா இருக்கு?”

“தாலுக்கா ஆபீஸ் கிளார்க்கு மாதிரி இருக்கே.”

அந்த வருஷம் அவன் கேட்ட நல்ல வார்த்தை அதுதான் என்று பிற்பாடு சொன்னான்.

அவன் போன பிறகு கண்ணாடியைத் திருப்ப மறந்துவிட்டேன். மறுநாள் வந்த ஒரு எஸ்டேட்காரப் பெண் அதைப் பார்த்து, “இதுவும் நல்லாத்தான் இருக்கு, அப்படியே இருக்கட்டும்” என்றாள். அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் கண்ணாடி வேணுமா, வேண்டாமா என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுக்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். முப்பது வருஷம் இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

“யக்கா, ஒண்ணு”

அப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் அவனுக்கு ஜோலி. படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிப் போகிற கைடு ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த வேலைக்கு முதுகில் பையோடு மலையேறிக் காட்ட வேண்டும். அவன் அளவுக்கு அந்த மலையைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் அவனுக்கு நம்பிக்கை இல்லை. மலை மேல் அல்ல, உடம்பு மேல்.

மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் ஆம்பளை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தான். குரல் உடைந்து தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஆனது. மேலுதட்டில் நாலைந்து முடி வந்தது. அதை அவன் தடவுகிற தடவலில் அது தேய்ந்து போய்விடுமோ என்று நான் பயந்தேன். நெஞ்சைத் தட்டையாக்குகிற ஆபரேஷன் செய்ய நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் கிரேப் பேண்டேஜை நெஞ்சில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு திரிந்தான்.

கீழ் ரோட்டில் வொர்க்‌ஷாப்புக்கு மேலே ஒரு ஜிம் உண்டு. காலையில் கதவு திறக்கும்போதே போய் நிற்பான். மற்ற பையன்கள் பனியனோடு கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்க்கிற நேரத்துக்குள் கிளம்பிவிடுவான். ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டான். பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பளு தூக்குகிற பயிற்சியை மட்டும் செய்யவே மாட்டான். மல்லாந்து படுத்தால் நெஞ்சு சொல்பேச்சு கேட்காது என்றான்.

சாப்பாட்டில்தான் என்னிடம் நிறையத் திட்டு வாங்கினான். இரண்டு முட்டை, பால் விடாத ஒரு கட்டஞ்சாயா. சோறு கிடையாது. “தின்ன சோறெல்லாம் இடுப்புக்குப் போவுதுக்கா” என்பான். கப்பைக்கிழங்கை வேகவைத்து மீன்குழம்போடு முன்னால் வைத்து, திங்காமல் எழுந்தால் சட்டையில் பட்டன் தைத்துத் தர மாட்டேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த அரை வயிற்றோடு அவன் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான். கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வருகிற மாதிரி உடம்பைத் தூக்க வேண்டும். அவனால் ஒன்றுகூட முடியவில்லை. மாதக்கணக்கில் தினமும் போய்த் தொங்கிவிட்டு வந்தான். வெறுமனே தொங்கல். உள்ளங்கை காய்த்துப் பிய்ந்து, மறுபடி காய்த்தது.

ஒருநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது ஓடி வந்து நின்றான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“யக்கா, ஒண்ணு.”

“என்னல ஒண்ணு?”

“ஒண்ணு தூக்கிட்டேன்.”

அவ்வளவுதான். ரிசார்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். ஒரே ஒரு தடவை தன் உடம்பைத் தானே தூக்கியதைச் சொல்வதற்கு ஒருவன் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறானே என்று, ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் கை சறுக்கியது

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மலையேற்றக் கம்பெனிக்குக் கைடு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இருபது கிலோ பையோடு ஒன்றரை மணி நேரத்தில் மலை உச்சி டீக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு பேர், நாலு இடம். நடத்துகிறவர் பொன்னுச்சாமி. நல்லேப்பிள்ளி என்ற சமவெளி ஊரில் வயல் உள்ள குடும்பத்துக்காரர், விவசாயத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு மலைக்கு வந்தவர். ஐந்து வயசுக் குழந்தைக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற மனிதர்.

பேண்டேஜ் ஏறும்போது சுருண்டு கயிறாகிவிடுகிறது, கெட்டியாக ஒரு உள்பனியன் தைத்துத் தாருங்கள் என்று சுடலை கேட்டான். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். பேப்பர் எடுத்து வரைந்து, லைனிங் துணியை இரட்டையாகப் போட்டு, முன்பக்கம் காலருக்கு வைக்கிற கேன்வாஸைக் கொடுத்து, பக்கவாட்டில் பன்னிரண்டு கொக்கி வைத்துத் தைத்தேன். போட்டால் பலகை மாதிரி நின்றது. முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அளவு எங்கிருந்து எடுத்தேன்? பழைய நோட்டிலிருந்து. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எழுதிய அதே அளவு. சட்டைக்கு விட்ட நாலு இஞ்சு இதற்கு இல்லை. போதாததற்கு, இறுக்கமாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு இஞ்சு குறைத்தேன். மூச்சே விடாத ஒரு ஆளுக்கு அளவெடுத்து, மலையேறப் போகிற ஆளுக்குப் போட்டு அனுப்பினேன்.

பாதி மலைக்கு மேல் அவன் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்துப் போயிருந்ததாம். மற்ற ஐந்து பேரும் தாண்டிப் போனார்கள். பொன்னுச்சாமி ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். விலா எலும்பில் அடிபட்ட மாதிரி கன்றிப் போயிருக்கிறது என்று சொல்லி டாக்டர் கத்தியிருக்கிறார். இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையேறவே கூடாது, செத்துப்போவாய் என்று.

பேச்சியம்மாள் வந்தாள்

மறுநாள் அவன் அம்மா வந்தாள். அதுவரைக்கும் நான் அவளைப் பார்த்ததில்லை. கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள். தினசரித் தாளில் சுற்றிய பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்தாள். நான் தைத்த உள்பனியன். கொக்கிகளைக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள்.

“இது நீ தச்சதா?”

ஆமாம் என்றேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையைக் கெடுத்துவிட்டாய், சட்டை தைத்துக் கொடுத்து ஆட்டம் போட வைத்துவிட்டாய். எஸ்டேட்டுக்காரி வாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, நானும் லயத்தில் பிறந்தவள்தானே. தலையைக் குனிந்துகொண்டேன்.

“தைக்கிறதுதான் தைக்கே,” என்றாள், “மூச்சுக்கு எடம் விட்டுத் தைக்கக் கூடாதா?”

உள்பனியனை என் பக்கம் தள்ளினாள்.

“அது என்னவா வேணும்னாலும் இருந்துட்டுப் போவுது. எனக்கு உசுரோட வேணும்.”

அழுதுவிட்டேன். கடையில் கஸ்டமர் முன்னால் நான் அழுதது அது ஒருதரம்தான். அவள் அழவில்லை. என் கண்ணைத் துடைக்க வெட்டுத்துணி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அவள் ‘அது’ என்றதைக் கவனித்தேன். இரண்டு வருஷமாக அப்படித்தானாம். பழைய பெயரைச் சொன்னால் பிள்ளை முகம் சுருங்குகிறது, புதுப் பெயர் வாயில் வரவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசினாள். தட்டை நகர்த்தினால் சாப்பிட வா என்று அர்த்தம்.

படங்கு கட்டு

பொன்னுச்சாமி இன்னொரு தடவை வரச் சொன்னார். எடுத்த நாலு பேரில் ஒருவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். “ஒடம்பு தேறட்டுமுங்க. பொறவு ஒருக்கா ஏறிப் பாத்துக்கலாம். தம்பி கால் நெம்ப நல்ல காலுங்க, அன்னிக்கே பாத்தேன்” என்று போனில் சொன்னாராம்.

இரண்டு மாதம் ஓய்வெடுத்தான். சோறு சாப்பிட்டான். ஆனால் முகம் தெளியவில்லை. இறுக்கிக் கட்டாமல் அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படி நிற்பது என்பதுதான் அவன் கவலை. அதற்கு மேல் இன்னொன்று. கம்பெனிப் பைக்கு நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை உண்டு. தேர்வுக்குக் கொடுத்தவை பழைய பைகள், இடுப்புப் பட்டையெல்லாம் பிய்ந்து போனவை. நெஞ்சுப் பட்டையை இழுத்து மாட்டினால்தான் பை ஆடாமல் நிற்கும். மாட்டினால் அவன் எதை மறைக்க நினைக்கிறானோ அதற்குக் கோடு போட்டுக் காட்டியதாக ஆகும்.

என் கடையில் உட்கார்ந்து இதை அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாளும் இருந்தாள். எழுந்து போய், தன் பையிலிருந்து படங்கை எடுத்து வந்தாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமல், ஈரம் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற கெட்டித் துணி. அதன் மேலே கயிறு போட்டு இறுக்குவார்கள். சரிவில் கொழுந்து மூட்டையை முதுகில் போட்டு இறங்கும்போது, மூட்டையின் அடியை அந்தக் கட்டின் மேல் உட்கார வைத்துவிட்டால் பாரம் தோளில் தொங்காது. இடுப்பு வாங்கிக்கொள்ளும்.

“இதைக் கட்டு. நெஞ்சுப் பட்டை எதுக்கு?” என்றாள்.

“அது பொம்பளைங்க கட்டுறதும்மா.”

“பாரத்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? எங்கூடக் கொழுந்து எடுக்க வந்த பத்து வருசமும் நீ கட்டுன கட்டுதான.”

அவன் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடுப்பை அவன் எவ்வளவு வெறுத்தான் என்று எனக்குத் தெரியும். சோற்றை விட்டதே அதனால்தான். அதன் மேல் ஊரறிய ஒரு கட்டுக் கட்டச் சொல்கிறாள் அம்மா. இதில் நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்ட நல்ல நேரங்களில் அது ஒன்று.

படங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கறுப்புத் துணில தச்சுத் தாங்கக்கா” என்றான்.

கறுப்பு டிரில் துணியில் தைத்தேன். கூடவே ஒரு சட்டை. இந்தத் தடவை அளவெடுக்கும்போது, “மூச்சை விடுல. இழு. இன்னும் நல்லா இழு” என்று சொல்லி, நெஞ்சு முழுக்க விரிந்த பிறகுதான் டேப்பைப் படித்தேன். பழைய அளவைவிட இரண்டு இஞ்சு கூடுதல். நோட்டில் பழையதை அடித்துவிட்டு எழுதினேன்.

உச்சி டீக்கடை

நானும் பேச்சியம்மாளும் ஜீப்பில் முன்னாலேயே போய் உச்சியில் காத்திருந்தோம். காற்று காதை அறுத்தது. டீக்கடைக்காரர் இரண்டாவது டீயைக் கேட்காமலே கொடுத்தார். பொன்னுச்சாமியும், முன்பே வேலைக்குச் சேர்ந்த பையன்களும் சரிவைப் பார்த்தபடி நின்றார்கள். கீழே மூன்று பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இருப்பது ஒரே இடம்.

முதலில் வளைவில் தெரிந்தது சுடலை. ஸ்வெட்டர் இல்லை. பை இடுப்பில் உட்கார்ந்திருந்தது, நெஞ்சுப் பட்டையின் இரண்டு முனையும் அவிழ்ந்து தொங்கின. கொழுந்துக்காரிகள் சரிவில் வைக்கிற மாதிரி பாதத்தைப் பக்கவாட்டில் அழுத்தி அழுத்தி வைத்து ஏறினான். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மூடி போட்ட பாக்கெட் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் தெரிந்தது. அவனுக்கும் அது தெரியும். ஆனால் அவன் தோள் வளையவில்லை. மூச்சு வேண்டும் அல்லவா, வளைத்தால் எங்கிருந்து வரும்? நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குச் சட்டை தைத்திருக்கிறேன், எத்தனையோ பேர் நிமிர்ந்து நின்று பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நிமிர்வை நான் கண்டதில்லை.

பையன்களில் ஒருவன் அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

“என்னல பாக்க?” என்றாள் பேச்சியம்மாள். “எம் மவன் ஏறி வந்திருக்கான். தண்ணி குடு அவனுக்கு.”

சுடலை தண்ணீரை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தபடியே நின்றான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். குளிராம்.

பொன்னுச்சாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து அவன் இடுப்பைப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இதென்ன கட்டுங்க?”

“எங்கம்மா கட்டு.”

“பை ஆடவே இல்லீங்களே. நம்ம பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க. நாளைக்கு வேலைக்கு வரும்போது ரெண்டு கூடக் கொண்டு வாங்க” என்றார்.

இரண்டு அல்ல, எட்டு தைத்தேன். இன்றைக்கும் அந்தக் கம்பெனிக் கைடுகள் கறுப்புப் படங்கு கட்டித்தான் மலையேறுகிறார்கள். டூரிஸ்டுகள் அதை யூனிஃபார்ம் என்று நினைக்கிறார்கள்.

கண்ணாடி

வேலையில் சேர்ந்த மாதம், கம்பெனி கொடுத்த ஜாக்கெட்டைத் திருத்தித் தைக்க வந்தான். நான் வழக்கம்போலக் கண்ணாடியைத் திருப்பப் போனேன்.

“இருக்கட்டும்க்கா. தோள் சரியா விழுதான்னு பாக்கணும்.”

பார்த்தான். அரை மணி நேரம் பார்த்தான். இடது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கிறது என்றான். பிரித்துத் தைத்தேன். இப்போது வலது தோள் ஏறியிருக்கிறது என்றான். எந்த ஆம்பளையும் என் பிராணனை இப்படி வாங்கியதில்லை. இதற்கு நீ கண்ணாடி பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை திரும்பி முதுகைப் பார்த்தான்.

இத்தோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் உடம்பு அப்படி முடிகிற சமாசாரம் இல்லை. ஆபரேஷனுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. சில நாள் அவன் கடைக்குள் வரும்போதே தோள் பழையபடி வளைந்திருக்கும். போன வாரம் புதுச் சட்டைக்கு வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“இன்னைக்கு மட்டும் திருப்பி வைங்கக்கா” என்றான்.

ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன். கைகளைத் தூக்கிக்கொண்டு பல்பைப் பார்த்தபடி நின்றான். டேப் முதுகைச் சுற்றி முன்னால் வந்தது.

மூச்சை அவன் பிடிக்கவில்லை.